அரபுக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் இடம் தேடிய டெனிஸ் ஜான்சன்-டேவிஸ்

1947ல் கெய்ரோவில் ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வெளிவந்தது. உள்ளே இருந்தவை எகிப்திய எழுத்தாளர் மஹ்மூத் தைமூரின் கதைகள். மொழிபெயர்த்த டெனிஸ் ஜான்சன்-டேவிஸ் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். வெளியிட எந்தப் பதிப்பகமும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அச்சுச் செலவை அவரே கொடுத்தார். நவீன அரபுச் சிறுகதைகள் ஆங்கிலத்தில் தனி நூலாக வந்தது அதுதான் முதல்முறை என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அவர் இதே வேலையில் இருந்தார். சுமார் முப்பது மொழிபெயர்ப்பு நூல்கள். நகீப் மஹ்ஃபூஸ், தய்யிப் ஸாலிஹ், தவ்ஃபீக் அல்-ஹகீம், யூசுஃப் இத்ரீஸ், ஸகரிய்யா தாமிர், மஹ்மூத் தர்வீஷ், அலீஃபா ரிஃபாஅத், ஸல்வா பக்ர் என்று ஒரு நூற்றாண்டின் அரபு இலக்கியத்தில் பெரும்பகுதி அவர் கை வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போனது. 'நம் காலத்தின் முதன்மையான அரபு-ஆங்கில மொழிபெயர்ப்பாளர்' என்றார் பாலஸ்தீன-அமெரிக்க இலக்கிய விமர்சகர் எட்வர்ட் செய்த். இந்தப் பாராட்டு பல நூல்களின் பின்னட்டையில் இருக்கிறது. ஆனால் அது அவர் செய்ததில் பாதியைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம். கேட்பதற்கு ஆளே இல்லாத காலத்தில், எதை மொழிபெயர்ப்பது என்று தேர்ந்தெடுத்து, பதிப்பகங்களின் கதவைத் தட்டி, அச்சேறும்வரை பின்தொடர்ந்து, கடைசியில் வாசகரையும் உண்டாக்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு அந்த நீண்ட வேலையின் நடுப்பகுதி மட்டுமே.

அவர் பிறந்தது 1922ல், கனடாவின் வான்கூவரில். பெற்றோர் ஆங்கிலேயர். வளர்ந்ததோ கெய்ரோ, சூடானின் வாதி ஹல்ஃபா, அப்புறம் உகாண்டா, கென்யா. வாதி ஹல்ஃபாவில் தெருப்பிள்ளைகளோடு விளையாடியபோது அரபு தானாக நாக்கில் ஏறியது. அந்தப் பழைய ஊர் இன்று இல்லை. 1960களில் அஸ்வான் பேரணை கட்டப்பட்டபோது தேங்கிய நீரில் மூழ்கிவிட்டது. பன்னிரண்டு வயதுவாக்கில் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பள்ளிப்படிப்பில் மனம் ஒட்டவில்லை. என்ன படிக்க விரும்புகிறாய் என்ற கேள்வி வந்தபோது சிறுவன் சொன்ன பதில் அரபு. அந்த வயதுக்கு விசித்திரமான பதில்தான். லண்டனில் கீழைத்தேய ஆய்வுப் பள்ளியிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்தார்.

அன்றைய பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அரபு என்றால் குர்ஆன், இஸ்லாத்துக்கு முந்தைய கவிதைகள், இடைக்கால வரலாற்றாசிரியர்கள். லத்தீனையும் கிரேக்கத்தையும் போல இறந்தகாலத்தின் மொழியாக அதை நடத்தினார்கள். அதில் இன்றைக்கும் யாரோ நாவல் எழுதிக்கொண்டிருக்கக்கூடும் என்ற நினைப்பு பாடத்திட்டத்தில் இல்லை. வாசகர்களின் நிலையும் அதுதான். எட்வர்ட் லேனும் ரிச்சர்ட் பர்ட்டனும் ஆங்கிலத்தில் தந்த ஆயிரத்தொரு இரவுகளோடு அரபு இலக்கியம் முடிந்துவிட்டது. பூதமும் பறக்கும் கம்பளமும் தெரிந்தவர்களுக்கு, கெய்ரோவில் டிராம் ஏறி அலுவலகம் போகும் குமாஸ்தாவைப் பற்றிய கதை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை.

இரண்டாம் உலகப்போரின்போது ஜான்சன்-டேவிஸ் பிபிசியின் அரபுச் சேவையில் வேலைக்குச் சேர்ந்தார். பிபிசி ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தொடங்கிய முதல் ஒலிபரப்பு அதுதான், 1938ல். கேம்பிரிட்ஜ் தராததை அந்த அலுவலகம் தந்தது. எகிப்தியர், பாலஸ்தீனர், சூடானியர், ஈராக்கியர் எல்லோரும் ஒரே கட்டடத்தில் பேசி, சண்டை போட்டு, கவிதை சொல்லிக்கொண்டு இருந்தார்கள். உயிரோடிருக்கும் அரபை அவர் முழுசாகக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1945ல் கெய்ரோ போனார். பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை, பிறகு பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் வேலை. அன்றைய கெய்ரோவின் எழுத்தாளர்கள் கஃபேக்களில் உட்கார்ந்திருப்பார்கள். தவ்ஃபீக் அல்-ஹகீம், யஹ்யா ஹக்கி, மஹ்மூத் தைமூர் ஆகியோரை நேரில் பழகி அறிந்துகொண்டார். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதிவந்த நகீப் மஹ்ஃபூஸும் அந்தப் பழக்கத்தில் ஒருவர். வெளியுலகம் மஹ்ஃபூஸின் பெயரைக் கேள்விப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இவர் அவருடைய கதைகளைப் படித்து, சிலவற்றை மொழிபெயர்த்தும் பார்த்திருந்தார்.

வாழ்ந்துகொண்டிருக்கும் எழுத்தாளரை, அவருடைய ஊரிலேயே, அவர் எழுதிய சூட்டோடு படிப்பதுதான் இவருக்கும் கீழைத்தேயப் பேராசிரியர்களுக்கும் இருந்த பெரிய வேறுபாடு. சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்ட வேண்டாம், மறுநாள் கஃபேயில் ஆசிரியரையே கேட்டுவிடலாம். அதேசமயம், பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்ததால் நிலையான சம்பளமோ பதவியோ கிடையாது. வளைகுடாவில் எண்ணெய் நிறுவன வேலை, வானொலி நிலையப் பொறுப்பு என்று பிழைப்புக்குப் பல இடங்கள் அலைந்தார். வழக்கறிஞர் தகுதியும் பெற்றார். இலக்கிய மொழிபெயர்ப்பு அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதியில் சோறு போடவில்லை. மற்ற வேலைகள் போட்ட சோற்றில்தான் அது நடந்தது.

1947ல் தைமூர் தொகுப்பு வந்ததல்லவா, அடுத்த முக்கியத் தொகுப்பு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1967ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவர் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்த நவீன அரபுச் சிறுகதைகளை வெளியிட்டது. பல அரபு நாடுகளின் எழுத்தாளர்கள் ஒரே நூலுக்குள் வந்தார்கள். அந்த இருபதாண்டு இடைவெளியை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. எகிப்தில் மன்னராட்சி போய் ராணுவத் தலைவர் நாசரின் ஆட்சி வந்து, சூயஸ் போர் நடந்து, மஹ்ஃபூஸின் மூன்று நாவல்களான கெய்ரோ முத்தொகுதி அரபில் வெளியாகிப் புகழ் பெற்ற காலம் அது. அரபு நாவல் தன் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலப் பதிப்புலகத்தில் அதன் சத்தமே கேட்கவில்லை.

இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து 'அஸ்வாத்' என்ற அரபு இலக்கிய இதழை நடத்தினார். குரல்கள் என்று பொருள். ஒரு ஆங்கிலேயர், லண்டனில், அரபு எழுத்தாளர்களுக்காக அரபிலேயே நடத்திய பத்திரிகை! நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் எந்த நாட்டில் யார் என்ன எழுதுகிறார்கள் என்பது அவருக்குக் கைரேகை மாதிரித் தெரிந்ததற்கு இந்த இதழும் ஒரு காரணம்.

சரி, அவருடைய பெயரை நிலைநிறுத்திய நூலுக்கு வருவோம். சூடானின் வடபகுதிக் கிராமம் ஒன்றில் 1929ல் பிறந்த தய்யிப் ஸாலிஹ், லண்டனில் பிபிசி அரபுச் சேவையில் பணியாற்றியவர். இருவரும் நண்பர்கள். ஸாலிஹ் எழுதிய 'வடக்கே இடம்பெயரும் பருவம்' நாவல் 1966ல் பெய்ரூட்டின் 'ஹிவார்' இதழில் வெளியானது. ஸாலிஹ் எழுத எழுத, பகுதி பகுதியாக வாங்கி ஜான்சன்-டேவிஸ் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். 1969ல் ஆங்கில நூல் வந்துவிட்டது. அரபு நாவல்கள் ஆங்கிலத்துக்கு வரப் பத்து, இருபது ஆண்டுகள் ஆன காலத்தில் இது வியப்பான வேகம்.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் அதில் என்ன சிக்கல் என்பது விளங்கும். இங்கிலாந்தில் ஏழாண்டுகள் படித்துவிட்டு ஒரு இளைஞன் நைல் நதிக்கரையிலுள்ள தன் கிராமத்துக்குத் திரும்புகிறான். ஊரில் முஸ்தஃபா ஸயீத் என்ற புது ஆள் குடியேறியிருக்கிறார். அமைதியான விவசாயி. ஒருநாள் மாலை குடிபோதையில் அவர் வாயிலிருந்து சுத்தமான ஆங்கிலக் கவிதை வருகிறது. லண்டனில் பொருளாதார விரிவுரையாளராக இருந்தவர், சில பெண்களின் சாவுக்குக் காரணமானவர், மனைவியைக் கொன்று சிறை சென்றவர் என்பதெல்லாம் பிறகு தெரிகிறது. கிராமத்து வீட்டில் அவர் பூட்டி வைத்திருந்த அறை நிறையப் புத்தகங்கள். ஒன்றுகூட அரபு இல்லை. குர்ஆன்கூட ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆதிக்கம் செய்தவனின் மொழியைக் கற்றவனுக்குள் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு கொடூரமாகவும் அழகாகவும் சொன்ன நாவல்கள் குறைவு. அந்த நாவலை ஆங்கிலத்துக்கே கொண்டுபோவது மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு தனிச் சோதனை. அரபு மூலத்தில் ஆங்கிலம் ஒரு அந்நியச் சத்தமாக வந்து விழும். ஆங்கில நூலிலோ எல்லாமே ஆங்கிலம். ஜான்சன்-டேவிஸ் இதை விளக்கக் குறிப்புகளால் தீர்க்கப் பார்க்கவில்லை. கிராமத்தாரின் பேச்சுக்கு ஒரு தாளமும் முஸ்தஃபாவின் பேச்சுக்கு வேறொரு தாளமும் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கிராமத்துக் கிழவர்களும் பின்த் மஜ்தூப் என்ற மூதாட்டியும் தங்கள் பழைய படுக்கையறைக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கப் பேசும் ஒரு இடம் நாவலில் உண்டு. இப்படிப்பட்ட பகுதிகளுக்காகவே 1990களில் சூடானில் நாவலுக்குத் தடை வந்தது. அந்தக் காட்சியின் கும்மாளம் ஆங்கிலத்திலும் குறையாமல் இருப்பது அவருடைய காதுக்குச் சாட்சி.

2001ல் டமாஸ்கஸில் உள்ள அரபு இலக்கிய அமைப்பு ஒன்று இதை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான அரபு நாவலாக அறிவித்தது. 2003ல் பெங்குயின் தன் செவ்வியல் வரிசையில் சேர்த்தது. 2009ல் நியூயார்க்கிலிருந்து இன்னொரு பதிப்பு. எல்லாவற்றிலும் இருப்பது 1969ன் அதே மொழிபெயர்ப்பு. நாற்பது ஆண்டுகள் கழித்தும் வேறொருவர் மறுபடி செய்ய வேண்டும் என்று பதிப்பகங்களுக்குத் தோன்றவில்லை. மொழிபெயர்ப்புகள் மூலத்தைவிட வேகமாகக் கிழடு தட்டும் என்பார்கள். இது தட்டவில்லை.

இந்த நாவல் முதலில் வந்தது ஹைன்மன் பதிப்பகத்தின் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில். ஸாலிஹ் சூடானியர் என்பதால் அங்கே இடம் கிடைத்தது. சிரியாவோ லெபனானோ என்றால் அந்த வாசலும் கிடையாது. பிறகு ஹைன்மன் அரபு எழுத்தாளர்களுக்கென்றே தனி வரிசை தொடங்கியபோது ஜான்சன்-டேவிஸ் அதற்கு ஆலோசகராக இருந்தார். ஆப்பிரிக்க வரிசைக்கு நைஜீரியா, கென்யா, கானா பள்ளிகளின் பாடநூல் சந்தை துணை நின்றது. அங்கே ஆங்கிலம் படிப்பு மொழி. அரபு நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் எழுத்தாளர்களை ஆங்கிலத்தில் படிக்க வேண்டிய தேவை இல்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆர்வம் இல்லை. அரபு வரிசை தாக்குப்பிடிக்கவில்லை. நல்ல நூல்கள், நல்ல மொழிபெயர்ப்புகள், ஆனாலும் வாங்க ஆளில்லை.

ஆர்வம் மட்டுமா இல்லை? எட்வர்ட் செய்த் பதிவுசெய்த ஒரு நிகழ்ச்சி இதைத் தெளிவாக்கும். 1980ல் நியூயார்க் பதிப்பாளர் ஒருவர், மூன்றாம் உலக எழுத்தாளர்களில் யாரை மொழிபெயர்த்து வெளியிடலாம் என்று அவரிடம் பட்டியல் கேட்டார். செய்த் மஹ்ஃபூஸின் பெயரை முதலில் எழுதிக் கொடுத்தார். மஹ்ஃபூஸை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டபோது வந்த பதில், அரபு சர்ச்சைக்குரிய மொழி. எட்டு ஆண்டுகள் கழித்து, 1988ல் அதே மஹ்ஃபூஸுக்கு நோபல் பரிசு. அப்புறம் அமெரிக்கப் பெரும் பதிப்பகம் ஒன்று வரிசையாக அவருடைய நூல்களை வெளியிட்டது.

நோபலுக்குப் பிந்தைய அந்த அலையில் ஜான்சன்-டேவிஸின் பங்கு கணிசமானது. மஹ்ஃபூஸின் சிறுகதைத் தொகுப்பு 1991ல், 'இப்னு ஃபத்தூமாவின் பயணம்' 1992ல், 'அரேபிய இரவுகளும் பகல்களும்' 1995ல், 'தன்வரலாற்றின் எதிரொலிகள்' 1997ல். ஆனால் முத்தொகுதி போன்ற பெரும் நாவல்களை மொழிபெயர்த்தவர்கள் வேறு ஆட்கள். நாற்பதுகளிலேயே மஹ்ஃபூஸை அடையாளம் கண்டவர் அப்போதே ஒரு நாவலை எடுத்துச் செய்யாமல் விட்டது இலக்கியத்துக்கு ஒரு நஷ்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் மனம் சிறுகதையின் பக்கம் சாய்ந்திருந்தது. பதிப்பாளர் உறுதி இல்லாமல் அறுநூறு பக்க நாவலில் இறங்குவது ஒரு தனிமனிதரால் ஆகிற காரியமும் இல்லை.

அவர் வேலையின் கடினத்தைத் தமிழ் வாசகர்கள் மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்ள முடியும். நமக்குப் பேச்சுத்தமிழ் ஒன்று, எழுத்துத்தமிழ் ஒன்று. அரபில் இந்தப் பிளவு இன்னும் ஆழம். எழுதும் அரபான ஃபுஸ்ஹா மொராக்கோ முதல் ஈராக் வரை ஒன்றே. பேசும் அரபு நாட்டுக்கு நாடு வேறு. கதையில் ஒரு ரிக்‌ஷாக்காரரோ கிராமத்துப் பெண்ணோ பேசினால் எந்த அரபில் பேசுவார்? மஹ்ஃபூஸ் உரையாடலையும் ஃபுஸ்ஹாவிலேயே எழுதினார். யூசுஃப் இத்ரீஸ் எகிப்தியப் பேச்சை அப்படியே அள்ளி வைத்தார். தவ்ஃபீக் அல்-ஹகீம் 1956ல் ஒரு நாடகத்தில், இரண்டு விதமாகவும் படிக்கத்தக்க 'மூன்றாவது மொழி' ஒன்றை முயன்று பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு அரசியல், அழகியல் நிலைப்பாடு. ஆங்கிலத்தில் இவை எல்லாம் ஒரே தளத்தில் வந்து நிற்கின்றன. எந்த மொழிபெயர்ப்பாளரும் இதை முழுக்கக் காப்பாற்ற முடியாது. ஜான்சன்-டேவிஸ் எகிப்தியப் பேச்சை லண்டன் சேரிப் பேச்சாக மாற்றும் வேலையில் இறங்கவில்லை. அது சரியான முடிவு. அதேசமயம் அவருடைய ஆங்கிலம் அடிப்படையில் ஒரு படித்த பிரிட்டிஷ்காரரின் ஆங்கிலம். சில கதைகளில் பாத்திரங்கள் எல்லோரும் கொஞ்சம் மிடுக்காகப் பேசுவதுபோலத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

அவருடைய தேர்வில் எனக்கு மிகவும் பிடித்தது சிரியாவின் ஸகரிய்யா தாமிர். டமாஸ்கஸில் கொல்லர் வேலை செய்து, தானாகப் படித்து எழுத்தாளரானவர். 1985ல் ஆங்கிலத்தில் வந்த 'பத்தாம் நாளில் புலிகள்' தொகுப்பின் தலைப்புக் கதை சில பக்கம்தான். கூண்டிலடைத்த புலியைப் பழக்குபவர் பட்டினி போட்டே வழிக்குக் கொண்டுவருகிறார். முதலில் பசிக்கிறது என்று சொல்ல வைக்கிறார், பிறகு பூனைபோலக் கத்த வைக்கிறார், கழுதைபோலவும் கத்த வைக்கிறார், புரியாத சொற்பொழிவுக்குக் கைதட்ட வைக்கிறார், கடைசியில் புல் தின்ன வைக்கிறார். பத்தாம் நாள் பழக்குபவரும் மாணவர்களும் கூண்டும் மறைந்துபோகிறார்கள். புலி குடிமகனாகிறது, கூண்டு நகரமாகிறது. சர்வாதிகாரத்தைப் பற்றி ஆய்வுநூல்கள் சொல்லாததை இந்தச் சில பக்கங்கள் சொல்லிவிடுகின்றன.

எகிப்தின் அலீஃபா ரிஃபாஅத் வேறு மாதிரி உதாரணம். கணவர் எழுத அனுமதிக்காததால் ஆண்டுக்கணக்கில் எழுதாமல் இருந்தவர். மதப்பற்றுள்ள ஒரு முஸ்லிம் பெண், இஸ்லாம் மனைவிக்குத் தந்த உரிமையையே கணவன் தரவில்லை என்று கேட்கும் கதைகள் அவருடையவை. ஜான்சன்-டேவிஸ் அவரை ஊக்குவித்து, கதைகளைத் தேர்ந்து, 1983ல் 'தொலைவில் தெரியும் மினாரா' (மினாரா என்றால் பள்ளிவாசல் கோபுரம்) என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத் தொகுப்பாக்கினார். எகிப்தைவிட வெளிநாடுகளில்தான் ரிஃபாஅத்துக்குப் பெயர். மேற்கத்திய வகுப்பறைகளில் அரபுப் பெண் எழுத்தின் மாதிரியாகவே அவரை வைத்துவிட்டார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளரின் தனி ரசனை ஒரு இலக்கியத்தின் வெளிமுகத்தையே எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். எகிப்துக்கு அவர் தந்த இடம் அதிகம், அல்ஜீரியா, மொராக்கோ பக்கம் குறைவு. கதவு ஒன்றே இருக்கும்போது அதைத் திறப்பவரின் விருப்பமே வரலாறாகிவிடும். அது அவர் குற்றம் இல்லை. இன்னும் பத்துப் பேர் அந்த வேலையில் அன்றைக்கு இல்லாததுதான் குறை.

நம்மூரில் அவர் பெயர் தெரியாமலே அவரைப் படித்தவர்கள் இருப்பார்கள். இமாம் நவவி தொகுத்த நாற்பது ஹதீஸ்களை, அதாவது நபிமொழிகளை, இஸ்ஸுத்தீன் இப்ராஹீமோடு சேர்ந்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு உலகெங்கும் முஸ்லிம் வீடுகளிலும் மதரஸாக்களிலும் புழங்குகிறது. இஸ்லாத்தைத் தழுவியவர், அப்துல் வதூத் என்ற பெயரும் கொண்டவர். இடைக்கால இஸ்லாமிய அறிஞர் கஸாலியின் உணவு ஒழுக்கம் பற்றிய நூலையும் மொழிபெயர்த்தார். குழந்தைகளுக்காக அரபு நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் மறுபடி சொன்ன நூல்கள் பல. அதில் கோமாளி ஞானி கோஹாவின் கதைகளுக்குப் படம் தந்தவர்கள் கெய்ரோவின் கூடாரத் துணித் தையல் கைவினைஞர்கள்.

2006ல் அவருடைய நினைவுக்குறிப்பு நூல் கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. முன்னுரை மஹ்ஃபூஸ். அதே ஆண்டு 79 எழுத்தாளர்களைக் கொண்ட பெரிய அரபுப் புனைவுத் தொகுப்பு ஒன்றும் அவர் பொறுப்பில் வெளியானது. 2007ல் ஷேக் ஸாயித் நூல் விருது தொடங்கிய முதலாண்டிலேயே ஆண்டின் பண்பாட்டு ஆளுமை என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2012ல், தொண்ணூறு வயதில், அறுபதாண்டு எகிப்தியச் சிறுகதைகளின் தொகுப்பு. 2017 மே மாதம் கெய்ரோவில் காலமானார். 94 வயது.

இன்று நிலைமை வேறு. 2006 முதல் அரபு-ஆங்கில மொழிபெயர்ப்புக்கென்றே ஸைஃப் கோபாஷ் பனிபால் பரிசு இருக்கிறது. முதல் பரிசு, இலியாஸ் கூரியின் பாலஸ்தீன நாவலுக்காக ஹம்ஃப்ரி டேவிஸுக்குப் போனது. 2019ல் ஓமானின் ஜோகா அல்ஹார்த்திக்கும் அவருடைய மொழிபெயர்ப்பாளர் மர்லின் பூத்துக்கும் சர்வதேச புக்கர் பரிசு பாதிப் பாதியாகக் கிடைத்தது. தமிழில் வரும் அரபுப் புனைவுகளில் பெரும்பாலானவை இன்னும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே ஆங்கிலத்தில் எது கிடைக்கிறது, யார் தேர்ந்தது என்பது நம் வாசிப்பையும் நேரடியாகப் பாதிக்கிற விஷயம். அரபுக் கல்லூரிகளில் ஆண்டுகள் செலவழித்து அரபு கற்றவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களில் சிலராவது நேரே மூலத்திலிருந்து நவீனக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஜான்சன்-டேவிஸைப் படிக்கத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தய்யிப் ஸாலிஹின் நாவலை எடுக்கலாம். நூற்றைம்பது பக்கத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குப் பிறகு தாமிரின் புலிக்கதை, அப்புறம் மஹ்ஃபூஸின் சிறுகதைகள். நினைவுக்குறிப்பு நூலைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதில் வரும் பெயர்களின் எழுத்தை ஏற்கெனவே படித்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் இரட்டிப்பாக ருசிக்கும்.